கப்பல் ஊட்டின் உள்பக்கம்

யமுனாவுக்கு நாற்பத்தொன்பது வயது. செம்மேட்டைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களுக்குத் தபால் கொண்டுபோகிறார். வேலைக்குச் சேர்ந்தபோது நடந்துதான் போனார். இப்போது ஸ்கூட்டி இருக்கிறது. கணவர் ராசப்பன் மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிறார்.

அறுபதுகளில் காபித் தோட்டம் போடச் சமவெளியிலிருந்து ஏறி வந்த கீழ்நாட்டுக்காரர்கள் மலையில் சில வீடுகளைக் கட்டினார்கள். தட்டையான கான்கிரீட் கூரை, வளைந்த போர்ட்டிகோ, சுவரில் காற்று வர ஓட்டை ஓட்டையாகச் சிமெண்ட் ஜாலி, தரையில் மொசைக். ஓட்டு வீடுகளையே பார்த்துப் பழகிய ஊர், அவற்றுக்குத் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்தது. வரிசையாக வட்ட ஜன்னல் வைத்த வீடு கப்பல் ஊடு. ஒற்றைத் தூணில் போர்ட்டிகோ நிற்பது குடை ஊடு. மாடிப்படி வெளியே சுருண்டு ஏறுவது படி ஊடு.

படி ஊட்டை ரிசார்ட் கட்டுவதற்காக இடித்தார்கள். யமுனா ஒரு கல்யாணத்துக்காக லீவில் போயிருந்தார். திரும்பி வந்தபோது வீடு இருந்த மேடு சமமாக இருந்தது, கேட் மட்டும் நின்றது. அன்று சாப்பிடும்போது ராசப்பனிடம் சொன்னார்.

"அந்த ஊட்டுக்குள்ள என்ன இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சு என்ன பண்ணப்போறே?"

"இத்தன வருசம் போயிருக்கறேன்ல."

அந்த வீடுகள் எதற்குள்ளும் அவர் போனதில்லை. கேட்டில் நின்று மணி அடிப்பார். யாராவது வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார்கள். உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை, வா என்றும் யாரும் சொன்னதில்லை.

அடுத்த கோடையில், நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் கட்டடக் கலை சொல்லிக்கொடுக்கும் அருள்மொழி, கப்பல் ஊட்டைக் கேட்டின் கம்பி வழியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டியை நிறுத்தி யமுனா விசாரித்தார். இப்படிப்பட்ட வீடுகளைப் பொதுமக்களுக்கு ஒரு நாள் சுற்றிக் காட்டினால் நிறையப் பேர் வருவார்கள், ஆனால் வீட்டுக்காரர்களைத் தனக்குத் தெரியாதே என்றார் அருள்மொழி.

"ஊட்டுக்காரங்கள நான் பாத்துக்கறேனுங்க" என்றார் யமுனா. "ஆனா உள்ள போய்ப் பாக்கோணும். வெளிய நின்னு பாத்துட்டுப் போறதுன்னா நான் வரல."

குடை ஊட்டுக்காரர் சென்னையில் இருந்தார். போனிலேயே சரி என்றார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த இன்னொரு வீட்டுக்காரர்கள், வெள்ளையடிக்கும் வரை பொறுக்கச் சொன்னார்கள். மீதி கப்பல் ஊடு. அதைக் கட்டியவர் இறந்து வெகு காலமாகிவிட்டது. மகன் தனபால் சேந்தமங்கலத்தில் விவசாயம் பார்க்கிறார். யமுனா பஸ் ஏறிக் கீழே போனார். தனபால் அவரை உட்கார வைத்து, காபி கொடுத்து, மறுத்தார்.

"வெளியில இருந்து பாத்துட்டுப் போகட்டுமுங்க. உள்ள என்ன இருக்குது? பழைய சாமான்தான்."

"அதைத்தானுங்க பாக்க வாராங்க."

"நானே அங்க போயி வருசக்கணக்காச்சு. யோசிச்சுச் சொல்றேன்."

சொல்லவில்லை. யமுனா இரண்டு முறை போன் செய்தார், எடுக்கவில்லை. அச்சடிக்கப்போகும் நோட்டீஸில் கப்பல் ஊட்டின் பெயரை எடுத்துவிடலாமா என்று அருள்மொழி கேட்டதற்கு, இருக்கட்டும் என்றார் யமுனா.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன்கள் ஏறி வந்தன. வளைவுகளில் தலை சுற்றியவர்களுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்து, குடை ஊட்டையும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த வீட்டையும் காட்டி முடித்தார்கள். கப்பல் ஊட்டில் கேட் திறந்திருந்தது, வீடு பூட்டிக் கிடந்தது. பின்னால் ஒற்றை அறையில் குடியிருக்கும் சென்னம்மாள்தான் அந்த வீட்டைப் பெருக்கித் துடைப்பவர். சாவி அவர் இடுப்பில் இருந்தது.

"சாவி இருக்குது கண்ணு. அவரு சொல்லாம நான் தொறந்தா நல்லாருக்காது."

"வேண்டாங்க்கா. உங்களுக்குப் பேச்சு வரவேண்டாம்" என்றார் யமுனா.

வந்தவர்கள் தோட்டத்தில் பரவி நின்று பார்த்தார்கள். ஒருவர் சுவரில் கை வைத்துப் பார்த்தார். இன்னொருவர் ஜாலியின் ஓட்டை வழியாகக் கேமராவை நீட்டினார். அப்போது தனபாலின் கார் வந்தது. நோட்டீஸைப் பார்த்துவிட்டு, எப்படிப்பட்ட ஆட்கள் வருகிறார்கள் என்று பார்க்க வந்ததாகப் பிறகு அவரே சொன்னார். ஒரு பெண், வட்ட ஜன்னல் யாருடைய யோசனை என்று கேட்டார். அப்பாவுடையது என்றார் தனபால். ஜன்னல் சட்டத்தை வளைக்க ஆள் கிடைக்காமல் அப்பா சேலத்தில் பட்டறை பட்டறையாக அலைந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். கதை முடிவதற்குள் சென்னம்மாளைக் கதவைத் திறக்கச் சொல்லிவிட்டார்.

யமுனா செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசியாகப் போனார். கூடம் அவர் நினைத்திருந்ததைவிடச் சிறியது. பச்சை மொசைக். சாய்ந்த கால் வைத்த மர நாற்காலிகள். மூலையில் ஓடாத ரேடியோ. வட்ட ஜன்னல் ஒன்றின் முன்னால் பிரம்பு நாற்காலி ஒன்று தனியாகக் கிடந்தது. யமுனா அங்கே போய் வெளியே பார்த்தார். கேட் முழுதாகத் தெரிந்தது. மணி தொங்கும் இடமும், மழைக் காலங்களில் அவர் தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும் இடமும் தெரிந்தன.

"அப்பாவுக்குப் புடிச்ச இடமுங்க அது" என்றார் பின்னால் வந்த தனபால். "காலையில உக்காந்தார்னா எந்திரிக்கமாட்டாரு. யாரு வந்தாலும் இங்கிருந்தே பாத்துருவாரு."

"நான் வந்தாலும் பாத்துருப்பாருங்களா?"

"பாக்காம என்னங்க."

"மழையில கொஞ்ச நேரம் நிக்கோணும். அப்புறந்தான் ஆளு வரும். மணிச் சத்தம் உள்ள கேக்கலியாட்டம்னு நெனச்சுக்குவேன்."

யமுனாவுக்குக் கோபம் வரவில்லை. முகம் மட்டும் சூடானது. அந்த மனிதர் இறந்தே வெகு காலமாகிவிட்டது. வேனில் வந்தவர்கள் கூட்டமாக ஜன்னல் பக்கம் வந்ததும் நகர்ந்து வழிவிட்டு, இங்கிருந்து பார்த்தால் கேட்டில் நிற்பவர்கள் தெரிவார்கள் என்று மட்டும் அவர்களிடம் சொன்னார். பலர் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று வண்டிகள் இறங்கிய பிறகு தனபால், அடுத்த வருஷமும் செய்வதானால் வீட்டைத் திறந்து தருகிறேன் என்றார். ஒன்று கேட்க வேண்டும் என்றார் யமுனா. வெளியூர்க்காரர்கள் வருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டும்.

"ஊர்க்காரங்களுக்குத் தெரியாத ஊடுங்களா இது?"

"வெளியில தெரியுமுங்க."

தனபால் கொஞ்சம் தயங்கி, சரி என்றார்.

அடுத்த தையில் யமுனாவின் தெருப் பெண்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். வட்ட ஜன்னலையோ மொசைக்கையோ யாரும் அதிகம் பார்க்கவில்லை. அடுப்படியில் அலமாரி அலமாரியாகத் திறந்து பார்த்தார்கள். அதைவிட, குளியலறையில் இருந்த இளநீலப் பீங்கான் தொட்டிதான் அவர்களை நிறுத்தி வைத்தது.

"இதுல படுத்துக்கிட்டா குளிப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே பொன்னாயி ஏறிக் கால் நீட்டி உட்கார்ந்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். வாசற்படியில் நின்ற சென்னம்மாள் சிரிக்கவில்லை.

"நாந்தான் தெனமும் தேச்சுக் கழுவறேன்" என்றார். "ஒரு நாளும் உக்காந்ததில்ல."

பொன்னாயி எழுந்து இடம் விட்டார். யமுனா கை கொடுக்க, சென்னம்மாள் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கி உட்கார்ந்தார். இரண்டு பக்க விளிம்பையும் தடவிப் பார்த்தார்.

"சில்லுன்னு இருக்குது" என்றார். எழுந்திருக்க அவருக்கு அவசரம் இருக்கவில்லை.