பூண்டுப் பரணில் ஒரு ஹெல்மெட்

ஒரு ஹெல்மெட் வாங்குவதற்கு இத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால், வாயை மூடிக்கொண்டு பஸ்ஸிலேயே போய் வந்திருப்பேன். ஆனால் இந்தத் தொல்லை தொடங்கியதே அந்த பஸ்ஸால்தான்.

பூம்பாறையிலிருந்து கொடைக்கானலுக்குப் போகும் காலை பஸ் சரியான நேரத்துக்கு வருகிற நாளும் உண்டு. மரம் விழுந்தால் வராது. மூடுபனி இறங்கினால் ஊர்ந்து வரும். ஒன்றுமே இல்லாத நாளில், ஒன்றும் இல்லை என்பதற்காகவே நிதானமாக வரும். நான் கொடைக்கானலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். காலை எட்டரைக்குள் அங்கே இருக்க வேண்டும். முந்தின நாள் இரவிலிருந்து சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான்தான் ரத்தம் எடுக்க வேண்டும். பசியோடிருக்கும் சர்க்கரை நோயாளி பத்து நிமிடம் காத்திருந்தால் என்னவெல்லாம் பேசுவார் என்பதை இங்கே எழுத முடியாது.

வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம், கூடத்தை நடத்தும் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "ஒர்க் எல்லாம் நீட்டா இருக்கும்மா. ஆனா மூணு தடவை லேட். இன்னொரு தடவை ஆச்சுன்னா ஆறு மாசம் முடிஞ்சதும் கன்ஃபார்ம் பண்ண மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

எங்கள் வீட்டில் படிப்பை முடித்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கையெழுத்து என்றால் கட்டைவிரல். அண்ணன் ஆறாவதோடு நின்று, இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நான் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது வீட்டுக்கே பெருமை. எனக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகப் பெருமை. அந்தக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பூண்டுக் காட்டில் களையெடுக்க இறங்குவதாக நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது. களையெடுப்பு கேவலம் என்பதால் அல்ல. "படிச்சு என்னத்தக் கிழிச்ச?" என்று கேட்க ஊரில் பத்துப் பேர் தயாராக இருந்தார்கள்.

அண்ணன் விட்டுப்போன மோட்டார் சைக்கிள் சாக்குப் போர்த்தி நின்றது. எனக்கு ஓட்டத் தெரியும், லைசென்ஸும் இருந்தது. சாவியைக் கேட்டபோது அப்பா வெற்றிலையை மென்று முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"ரோடு கெடக்குற கெடையில வெறுந்தலையோட அனுப்ப மாட்டேன். நல்ல ஹெல்மெட் தலையில ஏறுனா சாவி கையில வரும். இல்லாட்டி பஸ்ஸுதான்."

இது நியாயமான பேச்சு. அதனால் நானும் நியாயமாகவே நடந்துகொள்ளத் தீர்மானித்தேன். இரண்டு வாரம் போனில் ஹெல்மெட் பற்றிப் படித்தேன், வீடியோ பார்த்தேன், நோட்டில் குறித்துக்கொண்டேன். முகம் முழுக்க மூட வேண்டும். ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்க வேண்டும். தாடைக்குக் கீழே இறுக வேண்டும். தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. இதெல்லாம் பாதுகாப்பு. நோட்டில் எழுதாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டது ஒன்றும் இருந்தது. பளபளப்பில்லாத கறுப்பு, பக்கவாட்டில் மெல்லிய சாம்பல் கோடு. கொடைக்கானல் ஏரிக்கரையில் பெங்களூர்ப் பெண்கள் பெரிய பெரிய வண்டிகளில் வந்து இறங்கி, அப்படி ஒன்றைக் கழற்றி முடியை உதறுவார்கள். அவர்களில் ஒருத்தியைப் போல நானும் ஒரு நாள் இறங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பழனிக்கு இறங்கினேன். அப்பாவும் வந்தார். வர வேண்டாம் என்று சொன்னேன், அதனாலேயே வந்தார்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ரோஸ் நிறத்தில் பட்டாம்பூச்சி ஒட்டிய அரை ஹெல்மெட்டை எடுத்து வைத்தார். காது தெரியும், கன்னம் தெரியும், தாடை தெரியும். தேங்காய் மூடியைக் கவிழ்த்தது போல இருந்தது.

"லேடீஸ் மாடல்ங்க. வெயிட்டே இருக்காது."

"கீழ விழுந்தா தாடை ஜென்ட்ஸுக்கு மட்டுந்தான் உடையுமாண்ணே?"

அவர் சிரித்துவிட்டு மேல்தட்டிலிருந்து முழு ஹெல்மெட்டுகளை இறக்கினார். நடுத்தர அளவு என் கொண்டையில் முட்டி நின்றது. பெரிய அளவு கொண்டையைத் தாண்டியது, ஆனால் கன்னத்தில் ஒட்டாமல் ஆடியது.

"எங்கூர்ல மொட்டைத் தலைக்குத்தாங்க யாவாரமே," என்றார் கடைக்காரர். "பைக்ல வருவாங்க, மலையேறி முடி எறக்குவாங்க, எறங்கி வந்து பாத்தா ஹெல்மெட்டு லொடலொடன்னு ஆடும். நேரா இங்கதான் வருவாங்க. கொண்டைக்கு மருந்து எங்கிட்ட இல்லம்மா. ஒண்ணு கொண்டைய எறக்குங்க, இல்ல முடியவே எறக்கிருங்க, முருகனும் சந்தோசப்படுவாரு."

அப்பா சத்தமாகச் சிரித்தார். நான் கொண்டையை அவிழ்த்துக் கழுத்தோடு பின்னலாகப் போட்டேன். நடுத்தர அளவு சரியாக உட்கார்ந்தது.

இதற்கிடையில் அப்பா கடையிலிருந்த ஹெல்மெட் ஒவ்வொன்றின் உள்ளேயும் கட்டைவிரலை விட்டு அமுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் பூண்டு வாங்குகிறவர்கள் அப்படித்தான் அமுக்குவார்கள். பல் இறுகியிருந்தால் விரலுக்கு இடம் கொடுக்காது. உள்ளே வற்றிப்போயிருந்தால் அமுங்கிவிடும். எனக்கு அவமானமாக இருந்தது.

"அப்பா, இது பூண்டு இல்ல."

"உள்ள வெத்தா இருந்தா எதுவா இருந்தா என்ன, வெத்துதான்."

கடைக்காரர் முகத்துக்கு முன்னால் வரும் தகட்டைக் கண்ணாடி போலப் பளபளப்பாகப் போட்டுத் தருவதாக ஆசை காட்டினார். ஏரிக்கரைப் பெண்கள் அதைத்தான் போட்டிருப்பார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் மூடுபனியில் அதைப் போட்டால் எதிரில் வருவது லாரியா மாடா என்று மோதிய பிறகுதான் தெரியும். நிறமில்லாத தகடே போதும் என்றேன். கறுப்பு, சாம்பல் கோடு, முத்திரை, சரியான அளவு. பாதுகாப்பும் அழகும் ஒன்றாகக் கிடைத்துவிட்டதாக என்னை நானே மெச்சிக்கொண்டேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அப்பா ஆயக்குடிக் கொய்யா ஒரு கிலோ வாங்கி, பை இல்லாததால், அந்தப் புது ஹெல்மெட்டுக்குள் கொட்டினார். நான் மலையேறும்வரை அவரோடு பேசவில்லை.

வீட்டில் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது பாடம் எடுத்தேன். மேல் ஓடு வெறும் ஓடுதான். உள்ளே கறுப்புத் துணிக்குக் கீழே இருக்கும் தெர்மாகோல்தான் அடியை வாங்கும், அதுதான் உயிர் என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னேன்.

"டிவிப் பெட்டிக்குள்ள வந்துச்சே, அந்த வெள்ளைக் கட்டியா?" என்றாள் அம்மா.

"அதுதான்."

"அதுக்கா இம்புட்டுக் காசு?"

சாவி கிடைத்தது. மூன்று வாரம் எட்டு இருபதுக்கே போய் நின்றேன். பசியோடிருந்த நோயாளிகள் கூட என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஊரில்தான் நிம்மதியில்லை. வண்டியில் போவது யாரென்று தெரியாததால் முதல் வாரம் நாய்கள் துரத்தின. இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டு அத்தை, "கண்டும் காணாம போறா, படிச்ச கொழுப்பு" என்று அம்மாவிடம் சொன்னாள். அதற்குப் பிறகு வாசலுக்கு வாசல் தகட்டைத் தூக்கி, "நான்தான் அத்தை, சோலிக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். தகட்டைத் தூக்கத் தூக்க மூடுபனி உள்ளே புகுந்து துணி நனைந்தது. ஐப்பசி மாதத்தில் எங்கள் ஊரில் எது நனைந்தாலும் காயாது. நான்காவது வாரம் ஹெல்மெட்டுக்குள் ஈரநாய் வாடை. ஒரு நாள் சாயங்காலம் அதை வீட்டுக்குள் வைத்துவிட்டு, "இந்த நாத்தத்துல தலைய விட முடியல" என்று கத்தினேன். கத்தியது என் தப்பு.

தீபாவளிக்கு ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் லீவு. ஹெல்மெட்டை நான் தேடவில்லை. நான்காம் நாள் வெள்ளனே குளித்து, பின்னல் போட்டு, ஹெல்மெட்டைத் தேடினால் வழக்கமாக மாட்டும் ஆணியில் இல்லை.

"பரண்ல இருக்கு," என்றாள் அம்மா.

எங்கள் சமையல்கட்டில் அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண் உண்டு. அதில்தான் விதைப்பூண்டைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிடுவோம். புகை ஏற ஏறப் பூண்டு பொன்னிறமாகும், பூச்சி அண்டாது, பூசணம் பிடிக்காது. இந்த வீட்டில் எது கெட்டுப்போகக் கூடாதோ அது அந்தப் பரணுக்குப் போகும். ரேஷன் கார்டு அங்கே இருந்திருக்கிறது. என் சர்டிஃபிகேட்டுகள் இரண்டு வருடம் அங்கே இருந்தன. வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது டாக்டரம்மா என் மார்க் ஷீட்டை முகர்ந்து பார்த்து, "வீட்ல டெய்லி பார்பிக்யூவா?" என்று கேட்டார்.

ஹெல்மெட் பூண்டுக் கொத்துகளுக்கு நடுவே, கீழ் வரிசையில், தாடைவாரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஈரம் சாஸ்தி இருந்துச்சு. அதான் அடுப்புக்குக் கிட்டக்கக் கட்டுனேன்," என்றாள் அம்மா. மூன்று நாளும் அந்த அடுப்பில் முறுக்கும் அதிரசமும் வெந்தன. விறகு அணையவே இல்லை.

நாற்றம் போயிருந்தது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். தகடு மஞ்சளாகி அப்பளம் போல வளைந்திருந்தது. உள்ளே துணியை விலக்கினேன். தெர்மாகோல் சுருங்கி, ஓட்டிலிருந்து விலகி, வற்றிய பூண்டுப் பல் மாதிரி உள்ளுக்குள் ஆடியது.

"யம்மா! என்னம்மா செஞ்ச?"

"வெதப்பூண்டு கெடல. நாலு வருசமா அதே பரணு. உன் தொப்பி கெட்டா அதுல ஏதோ கோளாறு இருக்கு, பரண்ல இல்ல."

மணி ஆறரை. பஸ் வராது, சரிவில் மண் விழுந்திருப்பதாகப் போன் வந்தது. ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு அப்பாவிடம் கை நீட்டினேன்.

"ஓடு நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கு ஒரு நாளைக்கு இதைப் போட்டுட்டுப் போறேன். சாவியக் குடுங்க."

அப்பா என் தலையிலிருந்து அதைக் கழற்றினார். உள்ளே கட்டைவிரலை விட்டு அமுக்கினார். விரல் பொதுக்கென்று உள்ளே போனது.

"ஓடு வெறும் ஓடுதான், உள்ள இருக்குறதுதான் உசுருன்னு யாரு சொன்னா?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"நீதான சொன்ன? ரெண்டு தடவ சொன்ன."

"இன்னைக்கு லேட்டானா வேல போயிரும்ப்பா."

"வேல போனா வேற வேல கெடைக்கும் தாயி. வெரசா கெளம்பு, காய் வண்டிக்காரர்ட்ட நான் சொல்றேன்."

என் பாடத்தை எனக்கே திருப்பி ஒப்பிக்கிற மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? மோட்டார் சைக்கிளை விட்டால், மண்சரிவுக்கு ஓரமாக நுழைந்து போகக் கூடியது காய்கறி ஏற்றும் சின்ன பிக்கப் வண்டிதான். முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில், வெள்ளைக் கோட்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிரைவர் வளைவுக்கு வளைவு, "கோஸு மேல சாயாதீங்கம்மா, நசுங்கிரும்" என்றார். நான் நசுங்குவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எட்டு இருபத்தேழுக்குக் கூடத்தின் வாசலில் குதித்து இறங்கினேன். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார், என் தலைமுடியில் ஒட்டியிருந்த கோஸ் இலையைப் பார்த்தார். பெஞ்சில் முதலில் இருந்தவரை உள்ளே அனுப்பினார்.

அன்று சாயங்காலமே கொடைக்கானலில் இருக்கும் ஒரே ஹெல்மெட் கடைக்குப் போனேன். நோட்டு இல்லை, ஆசையும் இல்லை; மறுநாள் காலை சாவி வேண்டும், அவ்வளவுதான். என் அளவில், முத்திரையோடு, முகம் மூடுவதாக இரண்டு இருந்தன. ஒன்று ரோஸ். இன்னொன்று தூரத்து மலையிலிருந்து பார்த்தாலும் கண் கூசுகிற ஆரஞ்சு. ரோஸ் கன்னத்தில் ஆடியது. ஆரஞ்சு ஆடவில்லை. வாங்கினேன்.

மறுநாள் டீக்கடை வளைவில் திரும்பும்போதே குரல் கேட்டது.

"ஏலே, அங்க பாருலே, கேரட்டுக்கு லைசென்ஸ் குடுத்துருக்காய்ங்க!"

எங்கள் ஊர்க் கேரட் ஊர் ஊராகப் போகிறது. நிறத்தில் குறை சொல்ல முடியாது. இப்போது எனக்கு அதுதான் பெயர். டாக்டரம்மா கூட ஒரு நாள், "குட் மார்னிங் கேரட்" என்றார். போன மாதம் என்னை நிரந்தரம் செய்த கடிதத்தைக் கொடுத்தபோது சொன்னார், அதனால் பொறுத்துக்கொண்டேன். அத்தைக்கு மட்டும் சந்தோஷம். தகட்டைத் தூக்காமலே ஆள் தெரிகிறதாம். அம்மாவும் காட்டில் களையெடுத்தபடியே மூன்றாவது வளைவு வரைக்கும் என்னைப் பார்க்க முடிகிறது என்கிறாள். "அந்தக் கறுப்பு பனியில காணாமப் போயிரும், எனக்கு வேலையே ஓடாது" என்று இப்போது சொல்கிறாள். முன்பே சொல்லியிருக்கலாம்.

கறுப்பு ஹெல்மெட் இன்னும் பரணில்தான் தொங்குகிறது. உள்ளே விதைப்பூண்டு இருக்கிறது. நன்றாகக் காய்வதாகக் கேள்வி.

ஆரஞ்சை ராத்திரியில் என் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறேன். அது நனைந்திருப்பதாக வீட்டில் யாரிடமும் சொல்வதில்லை. காலையில் அதை எடுத்துக்கொண்டு வந்தால் அப்பா வாசலில் நிற்பார். கையில் சாவி இருக்கும், ஆனால் உடனே தர மாட்டார். ஹெல்மெட்டை வாங்கி, கவிழ்த்து, உள்ளே நான்கு இடத்தில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். தினமும். நேற்று நன்றாக இருந்தது இன்றும் நன்றாகத்தான் இருக்கும் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

"ம்" என்பார். ஐந்தாவது இடத்திலும் அமுக்கிவிட்டுத்தான் சாவியைத் தருவார்.