அந்த ரப்பர் பட்டை மஞ்சுளா செய்தது

திங்கட்கிழமை காலை, ஷூ கம்பெனியின் முதல் ஷிப்டு பஸ்ஸைச் சேவூர் ஸ்டாப்பில் நிறுத்திவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன். மஞ்சுளா நான்கு நாளாகக் காய்ச்சலில் வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவதாகப் போனில் சொல்லியிருந்தார். சொன்னால் வருகிற ஆள். பின்சீட்டிலிருந்து ஒரு பெண், போனைக் காதில் வைத்தபடியே எழுந்து வந்து, "வண்டிய எடுங்கண்ணா. மஞ்சு அக்கா வராது. விடிகாலைல போயிடுச்சாம்" என்றாள். நான் இன்னொரு முறை ஹாரன் அடித்தேன். ஏன் அடித்தேன் என்று கேட்காதீர்கள். ஒன்பதாவதில் ஃபெயிலான மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

எங்கள் வண்டியில் போகிறவர்களுக்கு மஞ்சுளாவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. செய்யார் ஷூ கம்பெனியில் பதினோரு வருடம், ஷூவின் அடி ரப்பரான சோலுக்கு பெயின்ட் அடிக்கும் பிரிவு. சென்னையில் இருக்கும் நம் மாடல் கிளப்காரர்களுக்கு அவரை "ஆரணி டிரைவர் அண்ணனோடு வந்த லேடி" என்று மட்டும்தான் தெரியும். இதை எழுதுவது முக்கியமாக உங்களுக்காகத்தான்.

என் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு ராணுவ டாங்கி பொம்மை கிட் வாங்கினேன். துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக்கை ஒட்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும். மகள் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, இது உனக்குதான் செட் ஆவும்" என்று தள்ளிவிட்டாள். அன்று பிடித்த பைத்தியம். பிளாஸ்டிக் எல்லாம் சரியாக வந்தது. சக்கரத்தைச் சுற்றி மாட்டும் ரப்பர் பட்டைதான் கழுத்தை அறுத்தது. வீட்டு இரும்பு கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த எனாமல் பெயின்டைப் பூசினேன். மூன்று வாரம் ஆகியும் காயவில்லை, பிசுபிசுவென்று இருந்தது. என் மனைவி வீட்டில் பட்டு நூல் சுற்றுகிறவர். காற்றில் பறந்த பிசிறெல்லாம் வந்து அதில் ஒட்டிக்கொண்டது. வெயிலில் வைத்தால் காயும் என்று வண்டியின் டாஷ்போர்டில் வைத்தேன்.

மஞ்சுளா ஏறும்போதே பார்த்துவிட்டார். "இன்னாண்ணா, டாங்கிக்கு தாடி வளத்துகினு கீறீங்க?"

வண்டி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி?

"ரப்பர கழுவுனீங்களா?"

"ரப்பர எதுக்கும்மா கழுவணும்? புதுசு."

"புதுசுலதாண்ணா எண்ணெய் இருக்கும். அச்சுல இருந்து எடுக்கசொல்ல ஒட்டாம வர்றதுக்கு பூசுவாங்க. அது மேல நீங்க எத்த அடிச்சாலும் நிக்காது. குடுங்க இங்க."

செய்யார் வருவதற்குள் டாங்கி அவர் மடியில் இருந்தது. அதற்குப் பிறகு அது என்னிடம் திரும்பவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கம்பெனியில் ரப்பர்மேல் பிடிக்கிற நல்ல மருந்து இருக்கிறதே, ஒரு மூடி கொண்டுவரக் கூடாதா என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. "ஒரு சொட்டு வாணாம்ணா. அப்புறம் இது கம்பெனி செஞ்சதுன்னு ஆயிடும். நான் செஞ்சதா இருக்கணும்." ஆரணி ஃபேன்சி ஸ்டோரில், ஜாக்கெட்டில் பூப்போட வாங்குகிற துணி பெயின்டையும் அதில் கலக்கும் வெள்ளைத் திரவத்தையும் வாங்கினார். எதற்கு என்று கேட்டதற்கு, "துணிய மடிச்சா பூ உதிருதா? உதிரல இல்ல? அப்போ ரப்பர்ல மட்டும் ஏன் உதிரணும்?" என்றார். இந்தக் கேள்வியை நாமெல்லாம் எத்தனை வருடமாகக் கேட்காமல் இருந்தோம்! "ரப்பரில் பெயின்ட் நிற்காது, கறுப்பாகவே விடு" என்று ஒருவருக்கொருவர் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தோம்.

முதலில் சைக்கிள் டியூப் துண்டுகளில் செய்து பார்த்தார். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத் பிரஷும் போட்டுத் தேய்ப்பது, நிழலில் உலர்த்துவது, நைசான உப்புத்தாளால் லேசாக உரசுவது, பிறகு அந்த வெள்ளைத் திரவம், அதன்மேல் அதே திரவம் கலந்த இரும்பு நிறம், மெல்லிசாக ஐந்து முறை. அவர் வீட்டுக் கொடியில் யூனிஃபார்ம் பக்கத்தில் டியூப் துண்டுகள் தொங்கும். நான் பார்த்துவிட்டு, "ஆயிடுச்சும்மா, சூப்பர்" என்பேன். "தொட்டு பாத்துட்டு சொல்லாதீங்கண்ணா. மடிச்சு பாத்துட்டு சொல்லுங்க" என்பார். மடித்தால் விரிசல் விடும். மறுபடி கழுவுவார். நான்கு மாதம். கடைசியில் பட்டையைத் தட்டையாக வைக்காமல் ஒரு டம்ளரைச் சுற்றி மாட்டி, வளைந்த நிலையிலேயே அடித்துக் காயவைத்தார். அது நின்றது. டம்ளர் என் வீட்டு டம்ளர். இந்த முறையில் என் பங்கு அவ்வளவுதான்.

இனி என் அயோக்கியத்தனத்துக்கு வருகிறேன்.

கிளப்பின் சென்னைக் கண்காட்சிக்கு ஃபாரம் நிரப்பும்போது மஞ்சுளா, "என் பேரு போடுங்கண்ணா" என்றார். கிளப்பில் மெம்பர் நான், போன் நம்பரும் என்னுடையது. "யார் பேரா இருந்தா இன்னாம்மா, எல்லாம் ஒண்ணுதானே" என்று என் பெயரையே எழுதிவிட்டேன். ஒன்றுதான் என்றால் அவர் பெயரை எழுதியிருக்கலாமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அங்கே நடுவராக வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது ரப்பர் இல்ல. உலோகப் பட்டை வாங்கி மாட்டியிருக்கீங்க" என்றார். நான் ஏதோ உளறினேன். பக்கத்தில் நின்ற மஞ்சுளாவை அவர் ஆளாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மஞ்சுளா கையை நீட்டி, சக்கரத்திலிருந்து பட்டையைக் கழற்றி, அவர் முகத்துக்கு நேராக இரண்டாக மடித்தார். பிறகு நான்காக. ஒரு பொட்டு உதிரவில்லை. "நீங்க மடிங்க சார்" என்று அவர் கையில் கொடுத்தார். அவர் மடித்தார், நெளித்தார், நகத்தால் சுரண்டினார். "பிரமாதம்! யாருடையது?" என்று அட்டையைப் பார்த்தார். அட்டையில் என் பெயர். கோப்பையை என் கையில் கொடுத்து ஃபோட்டோ எடுத்தார்கள், கூட்டம் கை தட்டியது. நான் வணக்கம் போட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மஞ்சுளா, "ஃபோட்டோல நல்லா சிரிச்சீங்கண்ணா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த வாட்டி என் பேரு" என்றார். சரி என்றேன்.

அவர் இறந்த மறுநாள் கிளப் குழுவில் ஓர் அஞ்சலி வந்தது. "ஆரணி அண்ணனின் உதவியாளர் மறைவு" என்று தலைப்பு. அவருடைய படம் இல்லாததால் கோப்பையோடு நிற்கும் என் படத்தைப் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாக ஆழ்ந்த இரங்கல். மூன்று பேர் என் வீட்டுக்குப் போன் செய்து துக்கம் விசாரித்தார்கள். "உசுரோடதான் கீறாரு, இட்லி துன்னுகினு கீறாரு" என்று என் மனைவி பதில் சொல்லி அலுத்துப் போனார்.

சிரிப்பு வந்தது. அப்புறம் அந்த "உதவியாளர்" என்ற சொல்லைப் பார்த்தேன். குழுவை நடத்துகிறவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"அண்ணே, அந்த முறை உங்க பேர்லதான் எல்லாருக்கும் தெரியும். இப்ப மாத்துனா குழப்பம். ரெண்டு பேர் பேரும் போட்டுடலாமே?"

"ரெண்டாவது பேரு எதுக்குங்க?"

"நீங்களும் கூட இருந்தீங்க இல்ல?"

"நான் டம்ளர் குடுத்தேன். டம்ளருக்கா பேரு போடுவீங்க?"

"ஃபாரம் உங்க பேர்ல இருக்குண்ணே."

"அப்போ அந்த ஃபாரத்த கிழிங்க."

பெரணமல்லூர் பக்கத்தில் இருக்கும் மஞ்சுளாவின் அம்மாவிடம் டாங்கியைக் கொண்டுபோனேன். வயல் வேலைக்குப் போகிற அம்மா. பட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். மகளைப் போலவே மடித்துப் பார்த்தார். "இத்த நான் ஊட்ல வெச்சிகினு இன்னா பண்றது? நாலு பேரு பாக்கற எடத்துல வையி. எம்பொண்ணு பேரோட வையி" என்றார்.

ஆகவே நண்பர்களே, இந்த வருடக் கண்காட்சிக்கு டாங்கி வரும். அட்டை நானே எழுதிவிட்டேன், மகள் பிழை திருத்தினாள்: "மஞ்சுளா, ஷூ கம்பெனித் தொழிலாளி, சேவூர்." ஒரே பெயர். மற்ற மேசைகளில் தொடாதீர்கள் என்று எழுதியிருப்பீர்கள். இதில் "மடித்துப் பாருங்கள்" என்று எழுதியிருக்கிறேன். மேசை தர முடியாது என்றால் வாசலில் ஸ்டூல் போட்டு வைப்பேன். விரட்டினால் எதிர்ப்பக்கம் வைப்பேன். கம்பெனி பஸ் ஓட்டுகிறவனுக்கு ரோட்டில் நிற்பது புதிதல்ல.

டாங்கி மஞ்சுளாவுடையது. முறை மஞ்சுளாவுடையது. கோப்பையை அவர் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அந்தக் கைதட்டலுக்கு வாயை மூடிக்கொண்டு வணக்கம் போட்டேனே, அதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அதற்கு வேண்டுமானால் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.