கால் சத்தம் நின்றபோது

புவெனஸ் ஐரஸின் பர்ராக்காஸ் பகுதியில், தோல் பதனிடும் ஆலைக்குப் பின்தெருவில் பிறந்தவன் நிகானோர் பெர்த்தோலாசி. அப்பா அந்த ஆலையில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். சுண்ணாம்புத் தண்ணீர் முதலில் அவர் செருப்பைத் தின்றது, பிறகு காலைத் தின்றது. பையன் ஒரு தையற்காரி வீட்டில் பியானோ கற்றான். ஊமைப் படக் காலத்தில் தியேட்டரில் திரைக்குக் கீழே உட்கார்ந்து வாசித்தான். அழுகைக்கு ஒரு மெட்டு, குதிரைத் துரத்தலுக்கு ஒரு மெட்டு. படம் பேசத் தொடங்கியதும் பிழைப்பு போயிற்று. பிறகு ரொகாத்தியின் நடனக் குழுவில் சேர்ந்தான். அங்கே கான்ட்ராபாஸ் என்கிற ஆளுயர நரம்பு வாத்தியத்தை வாசித்தவன் நான்.

ரொகாத்திக்கு ஒரே சட்டம்தான்: ஆடுகிறவனே முதலாளி. எங்கள் மேடையில் பியானோக்காரனுக்குக் கூடத்தைப் பார்க்க வழியில்லை, முதுகுதான் அந்தப் பக்கம். அதனால் நிகானோர் தரையில் செருப்புகள் உரசும் சத்தத்தை வைத்தே கூட்டத்தின் மனசை அளந்துவிடுவான். உரசல் குறைந்தால் வேகத்தைக் கூட்டுவான். அந்தக் காதுக்கு ஈடு ஊரில் கிடையாது.

அவனும் ஒரு டாங்கோ நடன மெட்டு எழுதினான். பெயர் 'அப்பாவின் செருப்பு'. நடுவில் மிக மெதுவாக ஒரு பகுதி வரும். ஒத்திகையில் அதைக் கேட்டு என் பங்கை வாசிக்க மறந்துபோனேன். நான் லேசில் கலங்குகிற ஆள் இல்லை.

ரொகாத்தி தாடையைச் சொறிந்தார். “நிகானோர், நல்லாத்தான் இருக்கு. ஆனா எவன்யா இதுக்கு ஆடுவான்? கார்னிவல் திருவிழாவுக்கு ஒரு தடவை வாசி. கால் நின்னுச்சுன்னா இதைத் தலைமுழுகிடு.”

“சரி தலைவரே.”

கார்னிவல் ஞாயிறு சாயங்காலம், கிளப்பில் எள் போட்டால் விழாத கூட்டம். மெதுவான பகுதி வந்ததும் உரசல் சத்தம் அடியோடு நின்றது. நான் நின்ற இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. ஜோடிகள் பிடித்த கையை விடாமல் மேடையருகே வந்து, அசையாமல் நின்று கேட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு குழுவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. நிகானோருக்கு அது தெரியவில்லை. பாதியில் அந்தப் பகுதியை அறுத்துவிட்டுக் கடைசி வரிக்குத் தாவினான். வயலின் ஒரு பக்கம், பாந்தோனியோன் என்கிற துருத்திப் பெட்டி ஒரு பக்கம் இழுக்க, எப்படியோ முடித்தோம். அவன் எழுந்து சமையலறைப் பக்கம் போய்விட்டான். நான் பின்னாலேயே ஓடினேன்.

“எங்கய்யா ஓடுறே?”

“கால் நின்னுடுச்சு. என் காது பொய் சொல்லாது.”

“அட கூறுகெட்டவனே! உன் வாசிப்பைக் கேக்கத்தான்யா நின்னாங்க! இன்னொரு தடவைன்னு கத்துறாங்களே, அது கேக்கலையா? ரொகாத்தியே கை தட்டுறாரு!”

அவன் முகம் வெளுத்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். மெதுவான இடம் வந்தது. அதைத் துள்ளு தாளத்தில் அடித்தான். நாங்கள் விழுந்தடித்துக்கொண்டு பின்னால் போனோம். கூட்டம் சிரித்துக்கொண்டே சுழன்று ஆடியது. அப்படியேதான் அது இசைத்தட்டிலும் ரேடியோவிலும் போயிற்று. அதனால் அவனுக்குப் பேர் வந்தது, ஜுலேமா என்கிற நல்ல மனைவி வந்தாள், வீடும் வந்தது. எனக்கு மட்டும் ஆத்திரம் ஆறவில்லை.

ஒருநாள் பீட்சா கடையில் வைத்துக் கேட்டே விட்டேன். “ஏன்யா அப்படிப் பண்ணே?”

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஆடுறவன் என்னை எங்கே கேக்குறான்? அவன் கவனமெல்லாம் கூட ஆடுற பொண்ணு மேல. அது எனக்குப் பழக்கம். அத்தனை பேரும் என்னையே கேக்குறாங்கன்னு நீ சொன்னதும் பயந்துட்டேன்யா.”

“அப்போ அந்த மெதுவான பகுதி?”

“வாசிப்பேன். வீட்டுல யாரும் இல்லாதப்ப.”

“ஜுலேமா கேட்டிருக்காளா?”

“கதவு திறக்குற சத்தம் கேட்டா நிறுத்திடுவேன்.”