இடது மூலைப் பொட்டு

கைராசி என்ற சொல்லைக் கேட்டால் இந்த வயதிலும் எனக்கு வயிறு எரியும். ஒரு காலத்தில் அது என்னுடைய சொத்து. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தக் கடையில் கேட்டாலும், "ஏகாம்பரம் மாட்ன லைட்டா? அப்ப யாவாரம் ஓடும்" என்பார்கள். பிறகு வேறொருவன் வந்து அதைத் தட்டிக்கொண்டு போனான். எப்படிப் போயிற்று என்பதை இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது, இனி என் பெயர் கெட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை.

1. வேலையும் பொட்டும்

சூப்பர் மார்க்கெட்டில் டீத்தூள், பிஸ்கட், சோப்பு அடுக்கியிருக்கும் ஷெல்ஃபின் நெற்றியில் கம்பெனி பெயர் போட்ட பலகை ஒன்று பளிச்சென்று எரியும். அதை நாங்கள் ஹெடர் என்போம். அதைச் செய்து, கடை கடையாகப் போய் மாட்டி, எரிகிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. ஒர்க்‌ஷாப் தண்டையார்பேட்டையில் ஒரு பழைய குடோனின் பின்பாதி. முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி.

நான் சேர்ந்த காலத்தில் ஹெடர் என்பது தகரப் பெட்டி. உள்ளே ட்யூப் லைட், முன்னால் அக்ரிலிக் ஷீட். மாட்டி முடித்ததும், சுவிட்ச் போடுவதற்கு முன், பெட்டியின் இடது மூலையில் சந்தனத்தைக் குழைத்து ஒரு பொட்டும் அதன்மேல் குங்குமமும் வைப்பேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டப்பாவில் சந்தனம் இருக்கும். நான் கண்ணை மூடிப் பொட்டு வைக்கும்போது கடைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். லைட் எரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அவர்களே அதன் பக்கத்தில் ஒரு பொட்டு வைப்பார்கள். பிஸ்கட் விளம்பரத்தைக் கும்பிட்ட ஜனங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் மோதிர விரலுக்கு நுனி பாதிதான். மீதியை அக்ரிலிக் அறுக்கும் ரௌட்டர் மெஷின் எடுத்துக்கொண்டது. அதனால் நான் வைக்கும் பொட்டு முழு வட்டமாக வராது, ஒரு பக்கம் கடித்த முறுக்கு மாதிரி இருக்கும். "ஏகாம்பரம் பொட்டு" என்று கடைக்காரர்களே அடையாளம் சொல்வார்கள். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

பிறகு எல்இடி வந்தது. தகரப் பெட்டி போய், விரல் கனத்தில் அக்ரிலிக் பலகை வந்தது. அதன் விளிம்பில் எல்இடி ஸ்ட்ரிப், அதற்குத் தனியாக ஒரு அடாப்டர். சரக்கு மாறினாலும் நான் பொட்டு வைப்பதை விடவில்லை, வைக்கும் இடத்தையும் மாற்றவில்லை.

2. கபீர்

கபீர் வேலைக்குச் சேர்ந்தபோது அவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வண்ணாரப்பேட்டைக்காரன். அதுவரை காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு வயரிங் பார்த்துக்கொண்டிருந்தவன். வேலை செய்யும்போது ஏதாவது ஒரு பாட்டை முனகிக்கொண்டே இருப்பான், அதுவும் ஒரே வரியை. மத்தியானம் என் டிபன் பாக்ஸைக் கேட்காமல் திறந்து, "மாமு, அக்கா கைப்பக்குவமே தனி" என்று பாதியைக் காலி செய்வான். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அவன் மாட்டிய லைட் ஒன்றுகூட அணையவில்லை என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

திருவொற்றியூரில் கோமதி என்ற அம்மாள் ஒரு சூப்பர் மார்க்கெட் நடத்துகிறாள். அங்கே பிஸ்கட் ஷெல்ஃபில் இருந்த ஹெடர் நான் மாட்டியது. பக்கத்து டீத்தூள் ஷெல்ஃபில் இருந்தது கபீர் மாட்டியது. ஒரே வாரத்தில் மாட்டியவை, ஒரே ஒர்க்‌ஷாப் சரக்கு. மூன்றாம் மாதம் என்னுடையது இடது பக்கத்தில் மினுக்க ஆரம்பித்து, பிறகு மொத்தமாகப் போயிற்று. புதிதாக மாட்டிக் கொடுத்தேன். இந்த முறை சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். அது இரண்டே மாதத்தில் போயிற்று.

கோமதி கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள்.

"இன்னாண்ணே, உன் லைட்டு மறுபடியும் பூட்ச்சி. அந்தாண்ட பாரு, கபீரு தம்பி மாட்னது ஜம்முனு எரிஞ்சிகினு கீது. கோச்சிக்காத, அடுத்த தபா அந்தக் கைராசிக்காரத் தம்பிய அனுப்பு."

கைராசிக்காரத் தம்பி! பத்து வருடம் அந்தக் கடைக்கு வேலை பார்த்தவன் முகத்துக்கு நேரே. ஸ்டூலிலிருந்து இறங்கி, அணைந்த ஹெடரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அடுத்த வாரமே எர்ணாவூரிலும் ஒரு கடைக்காரர் அதே சொல்லைச் சொன்னார்.

அந்தச் சமயத்தில் இதற்கு ஒரு கனம் இருந்தது. கடலோரக் கடைகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரு சூப்பர்வைசர் போடப்போவதாக அண்ணாச்சி சொல்லியிருந்தார். அந்த இடத்துக்காக நான் ஒன்பது வருடமாகக் காத்திருந்தேன். அணைந்த ஹெடர்களை அவர் மேஜையில் வைத்து, "உப்புக் காத்து அண்ணாச்சி, அதான்" என்றேன்.

"அப்போ கபீர் மாட்டுன கடையில மட்டும் உப்புக் காத்து அடிக்காதோ வே?" என்று கேட்டார். ஹெடர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டுபோய் ஸ்க்ராப் மூலையில் போட்டேன்.

வீட்டில் என் மனைவி, "அவன் லைட்டு எரிஞ்சா உனக்கு இன்னாத்துக்கு வவுறு எரியுது?" என்றாள். அன்று சாப்பிடாமல் படுத்தேன்.

3. வேவு பார்த்தது

அவன் ஏதோ தில்லுமுல்லு செய்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். அவன் லீவு போட்ட ஒரு நாள் காத்திவாக்கத்தில் அவன் மாட்டிய கடைக்குப் போனேன். சர்வீஸ் என்று சொல்லி ஸ்டூல் போட்டு ஏறினேன். ஹெடரின் வலது மேல் மூலையில் ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக வெட்டிய பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கண்ணாடி மாதிரி இருந்ததால் கீழே இருந்து பார்த்தால் தெரியாது. அதன் மேல் சந்தனம், குங்குமம்.

கடைக்காரரிடம் கேட்டேன்.

"பாய்தான் ஒட்டிக் குட்த்தாரு. பொட்டு வெச்சா இதும் மேலதான் வெக்கணும், வேற எங்கியும் வெக்கக் கூடாதுன்னாரு."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. என் பொட்டையே எடுத்து வைத்துக்கொண்டு என் கடைக்காரர்களை வளைத்துப் போடுகிறான் என்றுதான் தோன்றியது. பஸ்ஸில் வரும்போதே அண்ணாச்சியிடம் என்ன சொல்வது என்று யோசித்துவிட்டேன். எங்கள் தொழிலில் பொட்டைக் கண்டுகொள்ள மாட்டார்கள், ஆனால் கம்பெனி போர்டு மேல் நகக்கண் அளவுக்குக்கூட வேறு எதையும் ஒட்டக்கூடாது. கம்பெனி ஆபீசர் பார்த்தால் ஆர்டரே போய்விடும்.

மறுநாள் காலையில் அண்ணாச்சியிடம் போட்டுக் கொடுத்தேன். அவர் கபீரை எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைத்துக் கேட்டார்.

"கம்பெனி போர்டுல ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி உனக்கு யாருல சொன்னது? அத்தனையையும் திங்கக்கிழமைக்குள்ள உரிச்சுப் போடணும். ஒண்ணு மிச்சம் இருக்கப்பிடாது."

கபீர் என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு, "சரி அண்ணாச்சி" என்றான். அன்று அவன் பாட்டு முனகவில்லை. டிபன் பாக்ஸ் பக்கமும் வரவில்லை. நான் என் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது.

4. ஏழும் ஐந்தும்

தான் மாட்டிய பதினேழு கடைகளிலும் கபீர் வட்டத்தை உரித்தான். அதற்குப் பிறகு அவன் லைட்டுகளும் அணைய ஆரம்பித்தன. முதலில் காத்திவாக்கம், பிறகு திருவொற்றியூரில் இரண்டு, இப்படி மூன்று மாதத்தில் ஏழு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்ல இப்போது வெட்கப்படவில்லை. ஒவ்வொரு தடவை போன் வரும்போதும் காதைத் தீட்டிக்கொண்டு எந்தக் கடை என்று கேட்பேன். கோமதி கடை லைட்டும் போனது என்று கேள்விப்பட்ட அன்று, வழியில் இறங்கி அரைக்கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"அவன் ராசியும் போச்சு வே. சனிக்கிழமையோட அவன நின்னுக்கிடச் சொல்லிருதேன். கடலோர லைன இனிமே சூப்பர்வைசரா நீரு பாத்துக்கிடும். அந்த ஏழு போர்டையும் பிரிச்சு என்ன கோளாறுன்னு மட்டும் பாத்து வையும்."

ஒன்பது வருடம் காத்திருந்தது கைக்கு வந்துவிட்டது. விசிலடித்துக்கொண்டு முதல் ஹெடரைப் பிரித்தேன். இடது ஓரத்து மூடியைக் கழற்றியதும் விசில் நின்றது. அடாப்டர் வயரும் ஸ்ட்ரிப்பும் சேரும் ஜாயின்ட் அந்த மூலையில்தான் இருக்கிறது. மூடி மேல் காய்ந்த சந்தனம். அது ஈரமாக இருந்தபோது இடுக்கு வழியாக உள்ளே இறங்கி ஜாயின்டில் படிந்திருக்கிறது. கடைக்காரர்கள் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வைத்த ஈரமும் கடல் காற்றும் சேர்ந்து செம்பை அரித்து, பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஏழிலும் அதே கதை. வட்டத்தை உரித்ததும் கடைக்காரர்கள், நான் இத்தனை வருடம் வைத்துக் காட்டிய மூலைக்கே திரும்பிவிட்டார்கள்.

தகரப் பெட்டிக்கு அந்தப் பொட்டால் ஒரு கெடுதலும் இல்லை. எல்இடி ஹெடருக்கு அந்த இடம்தான் உயிர். அதைச் சோல்டர் வைத்துச் சேர்க்கிறவனும் நான்தான், இருந்தும் எனக்கு இது உறைக்கவில்லை.

ஸ்க்ராப் மூலையில் என்னுடைய பழைய ஹெடர்கள் ஐந்து கிடந்தன. எடுத்துத் தூசியை ஊதிவிட்டுப் பார்த்தேன். ஐந்திலும் இடது மூலையில், ஒரு பக்கம் கடித்த முறுக்கு மாதிரி, என் அரை விரல்.

எல்லாவற்றையும் பழையபடி மூடி, மேஜைக்கு அடியில் தள்ளி, மேலே சாக்கைப் போட்டேன். நாலு நாள் வாயைத் திறக்கவில்லை.

5. டீக்கடையில்

வெள்ளிக்கிழமை மத்தியானம் டீக்கடையில் கபீர் தனியாக நின்றுகொண்டிருந்தான். மறுநாளோடு வேலை போகிறது என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

"கபீரு, அந்த ரவுண்டு எதுக்குடா ஒட்டுன?"

"தெரிஞ்சிகினுதான கேக்குற மாமு? போர்ட பிரிச்சியாமே."

"முன்னாடியே எங்கிட்ட ஏன் சொல்லல?"

டீ கிளாசைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னான்னு சொல்றது? காசிமேட்டுல லாஞ்சு சுவிட்ச் போர்டுல பொட்டு வெச்சு வெச்சு வயரு பூட்டத நான் எத்தினியோ பாத்துகீறேன். அதுக்காவ உன்னாண்ட வந்து, மாமு, பொட்டு வெக்காதன்னு நான் சொல்றதா? நீ கண்ண மூடிகினு வெப்ப. நான் போயி அத்த நிறுத்துன்னா அது வேற மாதிரி பூடும். கடக்காரங்களுக்கு எடத்த மாத்திக் குட்த்தேன், அவங்க கேட்டுகினாங்க. உன்னுத இன்னா பண்றதுன்னுதான் எனக்குத் தெரில."

"அண்ணாச்சிகிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?"

"அவரே வெள்ளிக்கெழமன்னா மெஷினுக்குப் பொட்டு வெக்கிறவரு. நம்புவாரா?" கிளாசைக் கீழே வைத்தான். "நீதான் போட்டுக் குட்த்தன்னும் தெரியும் மாமு. உடு."

உடு என்று சொல்லிவிட்டான். அப்போதாவது எனக்கு மனசு இளகியிருக்க வேண்டும். உண்மையில் என்ன தோன்றியது தெரியுமா? தொழிலில்தான் ஜெயித்தான் என்றால், இதிலும் என்னை ஒரு படி கீழே நிறுத்திவிட்டானே என்று பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில்தான் சனிக்கிழமை காலை முதல் வேலையாக என் ஹெடர் ஒன்றைக் கொண்டுபோய் அண்ணாச்சி மேஜையில் வைத்தேன். நல்ல மனசு வந்து செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"இது யாரு பொட்டு, பாருங்க அண்ணாச்சி."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "உம்ம விரலுல்லா இது?"

"அஞ்சு போர்டும் இதே விரல்தான். கெடுத்தது நான். அவன் ராசியும் இல்ல, தில்லுமுல்லும் இல்ல. பொட்டு ஜாயின்ட் மேல படக்கூடாதுன்னுதான் அந்த ரவுண்ட ஒட்டிருக்கான். அத உரிக்க வெச்சதால ஏழு போச்சு."

மூடியைத் திறந்து பச்சையைக் காட்டினேன். அண்ணாச்சி அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஒம்பது வருஷமா காத்துக் கெடந்தீரே வே" என்றார்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன். ஹெடரின் மூடியைத் திரும்பத் திருகி மாட்டினேன்.

6. ரவுண்டு

கடலோர லைன் கபீருக்குப் போயிற்று. கடைசி வருடங்களில் நான் அவனுக்குக் கீழேதான் வேலை பார்த்தேன். பாட்டு திரும்ப வந்தது, டிபன் பாக்ஸும் பாதியானது. அண்ணாச்சி கம்பெனி ஆபீசரிடம் பேசி, ஸ்டிக்கர் இல்லாமல் ஹெடரிலேயே வலது மேல் மூலையில் லேசாக ஒரு வட்டம் குடைந்துகொள்ள அனுமதி வாங்கினார். குடைகிற ரௌட்டர் மெஷின் என் பொறுப்பில் இருந்தது. ஓய்வு பெறும் வரைக்கும் கடலோரக் கடைகளுக்குப் போகும் ஒவ்வொரு ஹெடரிலும் அந்த வட்டத்தை நான்தான் குடைந்தேன். ஒர்க்‌ஷாப்பில் அதற்குக் "கபீரு ரவுண்டு" என்று பெயர்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாட்டிய லைட் அணைந்தால் உப்புக் காற்றையும் அடுத்தவன் ராசியையும் பேசுவதற்கு முன்னால், உங்கள் கை கடைசியாக எங்கே பட்டது என்று பாருங்கள். பொறாமை போக வேண்டும் என்று சொல்ல மாட்டேன், எனக்கே போகவில்லை.

போன மாதம் டீத்தூள் வாங்கக் கோமதி கடைக்குப் போனேன். புது ஹெடர் மாட்டியிருந்தது. கோமதி ஸ்டூல் மேல் ஏறி வட்டத்துக்குள் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் பேரு கபீரு ரவுண்டுண்ணே. இதுல வெச்சா லைட்டு பூடாதாம். உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். அதை முதலில் குடைந்த கை இதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் எதற்காகக் குடைந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். பேசாமல் வெளியே வந்து பஸ் ஏறினேன். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் டீத்தூளை வாங்காமல் வந்தது நினைவுக்கு வந்தது.