அம்மா தொடாத பிள்ளை

என் அம்மா என் தம்பியின் காலில் விழுந்தபோது அவனுக்கு எட்டு வயது. இலங்கையில், மலைப்பக்கத்துப் பௌத்த விகாரை ஒன்றின் சிமெண்டுத் தரை அது. சற்று முன்புதான் அவன் தலையை மழித்திருந்தார்கள். விழுகிற முடியை ஏந்துவதற்கு அம்மாவின் கையில் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்திருந்தார்கள். அதை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே அவள் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தாள். பிள்ளையைப் பிக்குவாகக் கொடுத்த பெற்றோர் முதல் ஆளாக அவனை வணங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். காவி உடை அவனுக்குப் பெரிது. தோளிலிருந்து நழுவியதைப் பிடித்துக்கொண்டு, அம்மா எதற்காகக் கீழே விழுகிறாள் என்று விளங்காமல், "எந்திரிம்மா, எந்திரிம்மா" என்றான். பக்கத்தில் நின்ற பிக்கு உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

எழுந்த அம்மா, எப்போதும் செய்வதுபோல அவன் கன்னத்தை வழிக்கக் கையை நீட்டினாள். அப்பா குறுக்கே கையை வைத்துத் தடுத்தார். "இனிமே தொடக்கூடாது. பிக்குவைப் பொம்பளைங்க தொடக்கூடாது, பெத்தவளா இருந்தாலும்." விகாரையின் தலைமைப் பிக்கு வயதானவர். அம்மாவைப் பார்த்தபடி அப்பாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அப்பா பணிவாகச் சிரித்துத் தலையசைத்தார். எனக்கு அப்போது பதினைந்து வயது. தமிழ் மீடியம். அவருடைய ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. அம்மாவுக்கு எந்த ஆங்கிலமும் பிடிபடாது. அங்கே எங்களுக்கு வாயும் காதுமாக இருந்தது அப்பா ஒருவர்தான்.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். அவரைக் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான், முடியவில்லை. அவர் சிறுவனாக இருந்தபோது, அவருடைய அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பண்ணையார் வீட்டு வாசலில் குப்புற விழுந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறார். செய்யாத தப்புக்கு. அன்றிலிருந்து காலில் விழுவது என்றாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். தன் கல்யாணத்தில்கூட யார் காலிலும் விழவில்லை, அம்மாவையும் விழவிடவில்லை. ஸ்ரீரங்கத்துக் கோபுரம் கண்ணில் படுகிற தூரத்தில் இருந்துகொண்டு ஒருநாளும் அந்தப் பக்கம் எங்களைக் கூட்டிப்போனதில்லை. பணிமனை நண்பர்கள் நாலைந்து பேரோடு சேர்ந்து பௌத்தம் தழுவினார். மனுஷனை மனுஷன் கும்பிட வேண்டியதில்லாத மதம் இது ஒன்றுதான் என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குவார்ட்டர்ஸில் கூடி புத்த வந்தனம் சொல்வார்கள். தம்பி மழலை மாறாத வாயால் பாலி வரிகளைத் தப்பில்லாமல் சொல்வான். இலங்கையிலிருந்து கயாவுக்குப் போகிற வழியில் திருச்சியில் தங்கிய பிக்கு ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, இந்தப் பிள்ளையை எங்களிடம் கொடுங்கள், பெரிய படிப்பு படிக்கவைக்கிறோம் என்றார். அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பா அதையே பிடித்துக்கொண்டார்.

இலங்கையில் போர் முடிந்து அதிக காலம் ஆகவில்லை. உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லையா என்று பணிமனையில் சண்டைக்கே வந்தார்கள். எதிர் வீட்டு டீச்சர் கத்தோலிக்கர். அவர் மட்டும் நிதானமாகப் பேசிப் பார்த்தார். "நாங்களும் சாமியாருக்குப் படிக்க அனுப்புறோம் சார். ஆனா பத்தாவது, பன்னெண்டாவது முடிக்கட்டும்னு இருப்போம். எதுக்குப் போறோம்னு அந்தப் புள்ளைக்காவது தெரியணும் இல்லீங்களா?" அப்பா யாருக்கும் காது கொடுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே பதில்தான். "நம்ம பய யார் கால்லயும் விழ வேணாம். ஊரே அவன் கால்ல விழும்." ஊரெல்லாம் பிறகுதான். முதலில் விழுந்தது அம்மா.

அம்மா அழுது தீர்த்திருக்கலாம், மறித்திருக்கலாம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. திரும்பி வந்த விமானத்தில், "சாப்பாடெல்லாம் நல்லாப் போடுவாங்களாங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். போட்டார்கள். அந்த விகாரையைப் பற்றி நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. தம்பியை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, படிக்கவைத்தார்கள். குறை எங்கள் வீட்டில் இருந்தது.

பன்னிரண்டு வயதில் ஒருமுறை வந்தான், கூட ஒரு மூத்த பிக்குவுடன். அப்பா நாற்காலியில் வெள்ளைத்துணி விரித்து அவனை உட்காரவைத்து, தன் நண்பர்களை எல்லாம் வரவழைத்து வணங்கவைத்தார். காலில் விழுவதென்றால் காறித் துப்புகிற மனிதர், வரிசையைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்றார்! அடக் கடவுளே என்று எனக்கு வாய்வரை வந்தது. அம்மா, "வாங்க, உக்காருங்க" என்றாள், பெற்ற பிள்ளையை. பழக்கியிருந்தார் அப்பா. மறுநாள் மத்தியானம் அவனுக்குக் காய்ச்சல் கொதித்தது. பாயில் சுருண்டு கிடந்தான். அம்மா அறை வாசலில் நின்றபடி ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து அப்பாவிடம் கொடுத்தாள். இரும்பைப் பிடித்துப் பழகிய அப்பாவின் கை, தண்ணீர் காதுக்குள் வழிகிற மாதிரி அதை அவன் நெற்றியில் வைத்தது. "கொஞ்சம் மேலங்க, கண்ணுல படாம" என்று அம்மா வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன பார்வை அது என்று எனக்கு அன்று தெரியவில்லை.

இருபத்தோராம் வயதில் காவியைக் கழற்றிவிட்டு வந்து நின்றான். அதற்குள் அப்பா ஓய்வுபெற்று, எடமலைப்பட்டி புதூரில் சின்னதாக வீடு கட்டிக் குடிவந்திருந்தார். பேண்ட் சட்டையில் தம்பியைப் பார்த்த அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். இத்தனை வருடம் பௌத்த சங்கக் கூட்டங்களில் அவருக்கு முன்வரிசை வாங்கித் தந்தது அந்தக் காவிதானே. தம்பி அம்மாவிடம் போய், "அம்மா, நான் இப்ப சாமி இல்லம்மா" என்றான். அம்மா கையைக் கூப்பியபடி, "இருங்க, காபி கொண்டாரேன்" என்று சமையலறைக்குள் நுழைந்துகொண்டாள். நல்லவேளை, அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மகன் திரும்பி வந்த சந்தோஷத்தில் இருக்கிறவள் முகமா அது? தொட்டால் ஏதோ பாவம் வந்து சேரும் என்று பயந்தவளின் முகம்.

தமிழ் அவனுக்கு எட்டு வயதோடு நின்றுபோயிருந்தது. மீசை வைத்த ஆண்பிள்ளை, "அக்கா, எனக்கு ஜொரம் அடிக்குது, மிஸ்கிட்ட சொல்லு" என்கிற வயதின் தமிழில் பேசினால் யார் வேலை கொடுப்பார்கள்? கடைசியில் சிங்களம்தான் சோறு போட்டது. கொழும்பிலிருந்து விமானத்தில் வந்து இறங்குகிற யாத்திரிகர் கூட்டங்களுக்கு வழிகாட்டியாகச் சேர்ந்தான். புடவைக் கடைக்கும் மலைக்கோட்டைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் அவர்களை அழைத்துப்போகிற வேலை.

துவாக்குடியில் நான் வேலை செய்கிற கம்பெனிக்கு லீவு விட்டிருந்த ஒருநாள், ஸ்ரீரங்கத்தில் அவனைப் பார்க்கப் போனேன். ராஜகோபுரத்தின் அடியில் நின்று சிங்களத்தில் சடசடவென்று பேசிக்கொண்டிருந்தான். கூட்டமே அவன் சொன்ன ஏதோ ஒன்றுக்கு விழுந்து விழுந்து சிரித்தது, அவனும் சிரித்தான். வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. அவர்களைக் கோயிலுக்குள் அனுப்பிவிட்டு வந்தவனோடு வாசல் கடையில் டீ குடித்தேன். பேச்சுவாக்கில், அம்மா இன்னும் உன்னைத் தொடப் பயப்படுகிறாள், வருத்தப்படாதே என்றேன். அவன் சிரிக்காமல் சொன்னான்.

"பயம் இல்லக்கா. அம்மாவுக்கு என்னத் தொடப் புடிக்கல."

"என்னடா உளர்ற?"

"விகாரைப் பெரிய சாமி சொன்னாரு. அம்மா தொடலாம், கட்டிப் புடிச்சிட்டுப் போகட்டும்னு அன்னைக்கே அப்பாகிட்ட சொன்னாராம். சின்னப் பையன்தானே, ஒண்ணும் இல்லன்னு. அம்மாதான் வரல."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அவனுக்குச் சிங்களம் வந்த பிறகு, அம்மாவை நினைத்து அவன் அழுத ஒரு நாளில், ஆறுதலாகத்தான் அந்தக் கிழவர் இதைச் சொல்லியிருக்கிறார். அந்த ஆறுதலைச் சுமந்துகொண்டுதான் என் தம்பி வளர்ந்திருக்கிறான். காய்ச்சலில் கிடந்தபோது அம்மாவைப் பார்த்த பார்வையும் இதுதான். அம்மாவுக்கு அது சொல்லப்படவே இல்லையடா என்று அவனிடம் சொன்னேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. கூட்டம் திரும்பி வந்துவிட்டதென்று எழுந்து போனான்.

பஸ் பிடித்து நேரே வீட்டுக்கு வந்தேன். அப்பா கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டிவியை அணைத்தேன்.

"அன்னைக்கு அம்மா தொடப் போனப்ப பெரிய பிக்கு உங்ககிட்ட என்னப்பா சொன்னாரு?"

மறந்துவிட்டது என்பார் என்று நினைத்தேன். அவர் பொய் சொல்லவில்லை. "தொடலாம்னாரு. நான்தான் வேணாம்னேன். தொட்டிருந்தா உங்கம்மா அவன விட்டுட்டு வந்திருப்பாளா? தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு வந்திருப்பா. அவன் வாழ்க்கையே போயிருக்கும்."

"இப்ப மட்டும் என்னப்பா மிச்சம் இருக்கு? அம்மாவுக்குத் தன்னைத் தொடப் புடிக்கலன்னு நெனச்சுக்கிட்டே வளர்ந்திருக்கான் அவன்!"

கீரைத்தட்டை ஒதுக்கிவிட்டு அம்மா எழுந்து நின்றாள். "அப்படியா நெனச்சாங்க?" என்றாள். அப்போதும் 'நெனச்சாங்க' தான். மிச்சக் கீரையை அன்று அவள் ஆயவே இல்லை.

தம்பியை அவள் இன்னும் தொடவில்லை. சாப்பிடும்போது அவன் பக்கத்தில் வந்து நிற்கிறாள், அவ்வளவுதான். ஆனால் நான் அப்படிக் கேட்டதற்கு மறுநாள் காலையில் அப்பா காபிக்குக் கையை நீட்டியபோது, டம்ளரை அவருக்கு முன்னால் ஸ்டூலில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள். அடுத்த நாளும் அப்படியே. மாத்திரையும் அப்படியே. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த அப்பா கத்தினார்.

"கையில குடுத்தா கொறஞ்சா போயிருவ? நான் என்ன பிக்குவா?"

அம்மா குரலை உயர்த்தவில்லை.

"பிக்கு தொடலாம்னுதாங்க சொன்னாரு. வேணாம்னது நீங்க."