அத்தியாத்தின் இடது கை

எகிப்தின் தன்தா நகரில் கல்யாணப் பெண்ணுக்கு உடம்பு முடி எடுக்க அத்தியாத்தை விட்டால் ஆள் கிடையாது. சர்க்கரையும் எலுமிச்சையும் காய்ச்சிய பாகை உருட்டி, தோலில் அப்பி, படக்கென்று இழுப்பாள். ரேசர் என்றால் காறித் துப்புவாள். "கத்தி பட்ட மூஞ்சி ஆம்பள மூஞ்சி" என்று ஊரெல்லாம் பரப்பியதே அவள்தான்.

என் மருதாணி நாளன்று கை, கால் முடித்து முகத்துக்கு வந்தாள். எதிரே, ஹஜ் போய் வந்ததால் ஊரே 'ஹாஜா' என்று அழைக்கும் என் வருங்கால மாமியார் தவ்லத், கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் தாடையில் முடி வளரும். ஹார்மோன் கோளாறு. மாத்திரை, லேசர், தோல் க்ரீம் எல்லாம் ரகசியமாக நடந்தன. வேரோடு பிடுங்கக் கூடாது, ஷேவ் மட்டும்தான் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும். அவன் அம்மாவுக்குத் தெரிந்தால், 'இவளுக்குப் பிள்ளை பிறக்குமா?' என்று கல்யாணத்தையே நிறுத்திவிடுவாள்.

தாடையைத் தடவிய கை நின்றது. "க்ரீமா?" என்று அத்தியாத் காதோடு கேட்டாள்.

"ஆமாக்கா. இழுத்தா தோலு வந்துடும். சொல்லிடாதீங்க."

"என்னடி கொஞ்சிக்கிட்டு இருக்க? இழு!" என்றாள் தவ்லத்.

"மாமியார் கண்ணு முன்னால பொண்ணு அழுதா ஆகாது, ஹாஜா. எல்லாரும் வெளிய போய்க் குலவை போடுங்க."

"இது என்ன புது வழக்கம்?"

"முப்பது வருஷமா நான் சொல்றதுதான் வழக்கம்."

கதவைச் சாத்தினாள். "எங்கடி அந்த ரேசர்?" தலையணை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் வாங்கி, மழிக்கத் தொடங்கினாள்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" தவ்லத்தின் குரல். கதவின் கைப்பிடி அசைந்தது.

அத்தியாத் பாகைத் தன் இடது கையில் அப்பி, படக்கென்று இழுத்தாள். "கத்துடி!" கத்தினேன். வெளியே குலவை எழுந்தது. மழித்து முடிப்பதற்குள் எட்டுத் தடவை தன் கையையே இழுத்துக்கொண்டாள்.

பிறகு தவ்லத் வந்து என் கன்னத்தைத் தடவினாள். "பட்டுதான் போ! அத்தியாத், பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா எங்க வீட்டுக்கு வந்துடு. இவ மூஞ்சில வேற கை படக் கூடாது."

சிவந்து தடித்த கையின் மேல் அத்தியாத் சட்டையை இழுத்துவிட்டாள். "வரேன், ஹாஜா."

லேசர் முடியும்வரை, பதினொரு மாதம் வந்தாள். கதவைச் சாத்துவாள், ரேசரைத் திட்டிக்கொண்டே வாங்குவாள், நான் கத்துவேன்.

இப்போதும் பெருநாளுக்கு அவளைப் பார்க்கப் போனால் அந்த இடது கையைத்தான் முத்தமிடுவேன். "விடுடி, இன்னும் எரியுது" என்பாள்.