997-க்கு அப்பால்

சரக்கு வேகன்களின் பக்கவாட்டில் எண் எழுதுவது அவர் வேலை. பணிமனையில் எல்லாருக்கும் அவர் பெயின்டர். வேகன் பதிவு என் பொறுப்பு என்பதால் அவர் எழுதும் எண்ணெல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும்.

எழுதிய எண்ணை வீட்டுக்கும் கொண்டுபோவார். சமையலறைச் சுவரில் அவரும் மனைவியும் அதை வகுத்துப் பார்ப்பார்கள். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபட்டால் அது பகா எண். சன்னலுக்கு இடப்பக்கம் ஏறும். மற்றவை பகு எண்கள், வலப்பக்கம். ஆறு இலக்க எண் எதுவும் ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கிய அளவை எட்டாது. ஆகவே ஆயிரத்துக்குள் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவற்றில் கடைசி 997. பெயின்டருக்குச் சாக்பீஸ் வேண்டும். அந்த அம்மாவுக்கு மனக்கணக்கே போதும்.

பெயின்டர் ஓய்வுபெற்ற வாரம் வேகன் எண்கள் ஏழு இலக்கமாயின. கடைசியாக அவர் எழுதியது 1022117. 997 வரை எதற்கும் அது பிடிகொடுக்கவில்லை. வேகனுக்குப் பூசும் வெள்ளைப் பெயின்டாலேயே அதைச் சுவரின் இடப்பக்கம் பெரிதாக எழுதிவைத்தார்.

பிறகு அந்த அம்மா படுத்த படுக்கையானார். டாக்டர் கைவிரித்துவிட்டார். கட்டிலைச் சமையலறைச் சுவருக்கு எதிரே போட்டிருந்தார்கள். ஒரு மாலை நான் பார்க்கப் போயிருந்தேன்.

"ஏங்க, ஆயிரத்தை ஆயிரத்தால பெருக்குனாலே ஏழு இலக்கம் வந்துருதே. நாம ஏன் பழையபடி தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தேழுலயே நின்னோம்?"

பெயின்டரின் முகம் வெளுத்தது. "இப்ப எதுக்கு அதெல்லாம்? பேசாம படு."

"தப்பை விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா? அண்ணே, நீங்களாவது சொல்லுங்க."

நான் சுவரிலிருந்த எண்ணைப் பார்த்தேன்.

"வகுக்க வேண்டியதுல ஆயிரத்தி ஒம்பது ஒண்ணுதான் பாக்கி. போடுங்க. சத்தமா."

பெயின்டர் சாக்பீஸை எடுத்தார். "ஆயிரத்தி இருபத்திரெண்டுல ஒரு தடவை. மீதி பதிமூணு. ஒண்ணை எறக்குனா நூத்தி முப்பத்தொண்ணு, போகாது, சைபர். இன்னொரு ஒண்ணை எறக்கி, ஒரு தடவை. மீதி முன்னூத்தி ரெண்டு." கை நின்றது. எண்ணில் பாக்கி இருந்தது ஏழு மட்டும்.

"மீதி வருதும்மா," என்றார். "இருபது."

"மூவாயிரத்தி இருபத்தேழு. மூணு தடவை, சுத்தமாப் போகுது. எனக்கேவா கணக்குக் காட்டுறீங்க? நாப்பது வருசத்துல இன்னிக்குத்தான் நீங்க மீதியை மாத்திச் சொல்றீங்க."

பெயின்டர் சுவர்ப் பக்கமே திரும்பி நின்றார்.

"ஆயிரத்தி ஒம்பது, ஆயிரத்திப் பதிமூணு. ரெண்டும் பகா எண்தான். பெருக்குனா பகு எண். வலப்பக்கம் எழுதுங்க."

"நாளைக்கு எழுதுறேன்."

"நாளைக்கு நீங்க இருப்பீங்க."

பெயின்ட் டப்பாவின் மூடி இறுகிக் கிடந்தது. நான்தான் நெம்பித் திறந்தேன். பெயின்டர் இடப்பக்க எண்ணை அடித்துவிட்டு, வலப்பக்கம் 1022117 எழுதி, அதன் கீழே 1009 × 1013 என்று எழுதினார். முடியும்வரை அந்த அம்மா கண்ணை மூடவில்லை.

"ஒம்பது கொஞ்சம் சாஞ்சிருக்கு," என்றார்.

பெயின்டர் அதைத் துடைத்துவிட்டு நேராக எழுதினார்.